மூளைக் கட்டி: மரபணுவைக் கண்டால் மருந்து வந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது வந்தோருக்கு ஏற்படும் மூளைக் கட்டிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எளிதில் பிடிபடாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்காகப் பாராட்டுகிறேன். ஆனால், பழுதுபட்ட மரபணு எதுவென்று தெரிந்துவிட்டால் அதற்கேற்ற மருந்தும் கைக்கு வந்துவிடும் என்னும் எண்ணம் கட்டுரை நெடுகிலும் இழையோடுகிறது. திசுப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டதுமே, பிள்ளைகளுக்கும் இது வருமோ என்றுதான் குடும்பத்தினர் அஞ்சுவார்கள். லி-ஃப்ராமெனி போன்ற சில அரிய பரம்பரை நோய்களை நீக்கிப் பார்த்தால், இங்கே பேசப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் கட்டியின் செல்களுக்குள் மட்டுமே தோன்றியவை. கட்டுரை இதை ஒரு வரியில் தெளிவாக்கியிருக்கலாம்.

மரபணு ஆய்வு முதலில் மாற்றியது நோயின் பெயரைத்தான். நுண்ணோக்கியில் செல்லின் தோற்றத்தைக் கண்டு பெயரிட்டுவந்த வழக்கத்துடன் மரபணுச் சான்றையும் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இணைத்தது. 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஐ.டி.எச். என்னும் நொதியை உருவாக்கும் மரபணு மாறியிருக்கும் கட்டி, கிளியோபிளாஸ்டோமா (மிக வேகமாக வளரும் மூளைக் கட்டி) என்ற பெயரைப் பெறாது. வயது வந்த ஒருவரின் ஆஸ்ட்ரோசைட்டோமா (மூளையின் துணைச் செல்களைப் போன்ற செல்களால் ஆன கட்டி) பார்வைக்குச் சாதுவாகத் தெரிந்தாலும், ஐ.டி.எச். மாறாமல் இருந்து, டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதியில் மாற்றமோ, இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் பெருக்கமோ, 7-ஆம் குரோமோசோம் கூடி 10-ஆம் குரோமோசோம் இழக்கப்பட்டிருப்பதோ தெரிந்தால் அது கிளியோபிளாஸ்டோமாவே. கண்ணால் பார்த்துப் பழகிய எங்களைப் போன்றோருக்கு இதை ஏற்றுக்கொள்ளச் சற்றே காலம் பிடித்தது.

மருந்து என்று வரும்போது, இவற்றில் இ.ஜி.எஃப்.ஆர்., ஐ.டி.எச். ஆகிய இரண்டை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தாலே சிக்கல் புரியும். இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேற்பரப்பில் நின்று, ‘வளர்’ என்னும் செய்தியை வெளியிலிருந்து வாங்கி உள்ளே கடத்தும் ஏற்பி. கிளியோபிளாஸ்டோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் இதன் மரபணு பெருகியோ உருமாறியோ இருக்கும். நுரையீரல் புற்றுநோயில் இதே ஏற்பியை அடக்கிய மாத்திரைகள் மூளையில் தோற்றுப்போனதற்குக் காரணங்கள் பல. நுரையீரலில் மாற்றம் ஏற்பியின் உட்பகுதியில் நிகழ்கிறது, மூளைக் கட்டியிலோ பெரும்பாலும் வெளிப்பகுதியில். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி மருந்து போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஒரே கட்டியிலேயே ஒரு செல்லில் இ.ஜி.எஃப்.ஆர். பெருகியிருக்க, பக்கத்துச் செல்லில் பி.டி.ஜி.எஃப்.ஆர். என்னும் வேறொரு ஏற்பியின் மரபணு பெருகியிருக்கும். ஏற்பியை வெற்றிகரமாக அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குக் கீழே, வளர்ச்சிச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் பி.ஐ.3 கைனேஸ் தடத்தைக் கட்டுப்படுத்தும் பி.டென் மரபணு தொலைந்துபோயிருந்தால், மேலிருந்து செய்தி வராமலேயே அந்தத் தடம் ஓடிக்கொண்டிருக்கும். 2008-இல் வெளியான புற்றுநோய் மரபணுத்தொகுதி ஆய்வில், வளர்ச்சித் தடம், செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்கும் பி53 தடம், ஆர்.பி. தடம் ஆகிய மூன்றும் பெரும்பாலான கிளியோபிளாஸ்டோமாக்களில் பழுதுபட்டிருந்தன. வாசலை மட்டும் பூட்டி வீட்டைக் காக்க முடியாத நிலை இது.

ஐ.டி.எச். கதை வேறு. கட்டி உருவாகும் தொடக்கத்திலேயே இந்த மாற்றம் நிகழ்ந்துவிடுவதால், ஏறக்குறைய எல்லாக் கட்டிச் செல்களும் அதைச் சுமக்கின்றன. பெரும்பாலும் ஐ.டி.எச்.1 புரதத்தின் 132-ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து அமர்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் நொதி தன் இயல்பான வேலையை விட்டு, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்னும் பொருளை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது, அது டி.என்.ஏ.மீது மீத்தைல் குறிகளைக் குவித்து, செல் முதிர்ச்சி அடையவிடாமல் தடுக்கிறது. இந்த நொதியை அடக்குவதற்கென்றே, மூளைக்குள் புகக்கூடியதாக வடிவமைக்கப்பட்ட வோராசிடெனிப் என்னும் மாத்திரை, 331 பேர் பங்கேற்ற சோதனையில், நோய் முற்றாமல் கழிந்த காலத்தின் இடைநிலை அளவை (மீடியன்) 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீட்டித்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் இதற்கு ஒப்புதல் வழங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சோ கீமோதெரபியோ உடனடியாகத் தேவைப்படாத மெதுவாக வளரும் இரண்டாம் தரநிலைக் (கிரேடு 2) கட்டி உடையவர்கள். கட்டியும் குணமாகிவிடவில்லை, அதன் வளர்ச்சிதான் தள்ளிப்போடப்பட்டது.

இவ்வளவும் எழுதக் காரணம், கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தி. கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளும் இந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம் என்று அதில் அச்சாகியிருக்கிறது. கிளியோபிளாஸ்டோமாவைப் போல ஐ.டி.எச். மாறாத கட்டியில் அந்த மாத்திரை பற்றிக்கொள்ள இலக்கே கிடையாது. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்