புரட்சிக்குப் பிறகு அமைப்பு தொடங்கியிருக்கும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

கூட்டம் கலைந்து, ஆட்சியில் இருந்தவரும் ஓடிப்போன பிறகு, இனி என்ன செய்வது என்று நாலு பேர் சேர்ந்து ஒரு அமைப்பைப் பதிவு செய்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். துனிசியாவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

அங்கே 2011 ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அதே வருடம் செப்டம்பரில் 88ஆம் எண் ஆணைச்சட்டம் வந்தது. அதுவரை சங்கம் வைக்க உள்துறை அமைச்சகத்தின் தயவு வேண்டும், அதற்கப்புறம் அரசுக்கு ஒரு பதிவுத் தபாலில் தெரிவித்தால் போதும் என்று ஆனது. ஆயிரக்கணக்கில் சங்கங்கள் முளைத்தன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2012இல் தொடங்கிய அல் பவ்சலா. புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டிருந்த அவைக்குள் போய் உட்கார்ந்து, 217 உறுப்பினர்களில் யார் வந்தார், யார் வரவில்லை, எந்தப் பிரிவுக்கு யார் எப்படி வாக்களித்தார் என்று குறித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள். வகுப்பாசிரியர் வருகை எடுப்பது மாதிரியான வேலைதான். ஆனால் தன் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று ஊரே பார்க்கிறது என்பதை எந்த உறுப்பினரும் லேசில் ஒதுக்கிவிட முடியாது.

2014 அரசியலமைப்பின் 139ஆவது பிரிவு, உள்ளாட்சிகள் மக்களையும் சேர்த்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும் என்றே எழுதிவைத்தது. சரி, அப்புறம் என்ன ஆயிற்று? 2018 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார், அடுத்த வருடம் டிசம்பர் தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 11 பேர்தான் வாக்குச்சாவடிப் பக்கம் வந்தார்கள், 2023 மார்ச்சில் உள்ளாட்சி மன்றங்களே கலைக்கப்பட்டன.

இதற்குச் சங்கங்கள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலையின்மையும் விலைவாசியும் மக்களை வெறுக்க வைத்தன, புரட்சி தொடங்கிய சிதி பூசித் ஊரில் பற்றிக்கொண்ட கோபம் அடங்கவே இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தலைநகரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று மக்களுக்குக் காட்டுவது ஒரு வேலை, மக்கள் கேட்டது ஏதாவது நடக்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது மெதுவானது, புகைப்படத்தில் வராது, அதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதும் கஷ்டம்.

நானும் ஒரு தன்னார்வ அமைப்பில் பல வருடம் வேலை பார்த்தவன். ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து, தன் தெருவிளக்கு எரிந்து ஆறு மாதம் ஆகிறது என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த தாளில் 'குடிமக்கள் பங்கேற்பு' என்பதற்குக் கீழே அடுத்த குறிப்பை எழுதப் போய்விட்டோம். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று இருந்தது, விளக்கு இல்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது.

வெளிநாட்டு நிதியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பணம் இல்லாமல் அலுவலகம் ஓடாது. ஆனால் எகிப்தில் 2013 ஜூனில் வெளிநாட்டு நிதி வழக்கில் தன்னார்வ அமைப்புகளில் வேலை பார்த்த 43 பேருக்குத் தண்டனை விதித்தார்களே, அந்த மாதிரி நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கு உங்களுக்காகப் பேச வருவது நிதி நிறுவனமா, அந்தத் தெருக்காரர்களா என்று இப்போதே யோசியுங்கள்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தின் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு, அவர் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு வாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்றாலும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்