ஏழு ஆண்டுக் கணக்கு எந்த நாளிலிருந்து? உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டவர் பிரிவு அதிகாரிகளுக்கு, கடலூர் துறைமுகத்திலிருந்து வணக்கம்.

போன மாதம் என் மகனின் பாஸ்போர்ட் விண்ணப்பம் திரும்பி வந்தது. தாயின் குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று ஒரே வரியில் காரணம். விசாரிக்கப் போன இடத்தில் ஓர் அலுவலர் உட்காரச் சொல்லி, பொறுமையாகத்தான் பேசினார். "சார், உங்க பொண்ணுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. பையனுக்குத்தான்." ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்திதானே சார் என்றேன். "பொறந்த தேதி வேறயாச்சே" என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையிலிருக்கும் சட்டத்தை அவர் எழுதவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஈழத்திலிருந்து படகேறி வந்தவர்களின் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோப்பு முழுக்க உங்களிடம் இருக்கிறது. என் மனைவி 1990இல் ஒன்பது வயதில் தனுஷ்கோடி மணலில் இறக்கிவிடப்பட்டவள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கைரேகை எடுத்து, கடலூர் மாவட்டத்து முகாமுக்கு அனுப்பியது உங்கள் அரசாங்கம்தான். நான் இந்தியன்; என் அப்பாவும் தாத்தாவும் இதே ஊர். 2001இல் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலில் தாலி கட்டினேன். ஒளிவுமறைவாக எதுவும் நடக்கவில்லை. கல்யாணத்துக்கு அகதிகளைக் கண்காணிக்கும் க்யூ பிரிவுப் போலீஸ்காரர்களும் வந்திருந்தார்கள், மொய் வைக்காமல்.

குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவு என்ன சொல்கிறது? இந்தியக் குடிமகனை மணந்து, ஏழு ஆண்டு இங்கே வசித்தவர் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டு ஆண்டில் ஆறு ஆண்டு இருந்திருக்க வேண்டும். என் மனைவி இந்த மண்ணில் முப்பத்தைந்து ஆண்டு இருந்துவிட்டாள். ஊரைவிட்டு இரண்டு நாள் போவதென்றால்கூட எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவள். 'இந்தியாவில் வழக்கமாக வசிப்பவர்' என்பதற்கு இவளைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? வேறெங்கும் போகத்தான் நீங்கள் விடவில்லையே.

ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே 'சட்டவிரோதக் குடியேறி அல்லாத' என்று ஒரு நிபந்தனை நிற்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்தவர் எவரும் சட்டவிரோதக் குடியேறி. குண்டு விழும்போது ஒன்பது வயதுப் பிள்ளை பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா ஓடிவரும்? இப்போது சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் வாங்கி வந்து காட்டினாலும், வந்த அன்று அது கையில் இல்லாதது இல்லாததுதான். கல்யாணமாகி ஏழு ஆண்டு போனாலும் எழுபது ஆண்டு போனாலும் அவளுக்கு மீட்டர் ஓடவே தொடங்கவில்லை. ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்தியக் குடிமக்களை மணந்த, அரசிடம் பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழர்கள் எந்த நாளிலிருந்து விண்ணப்பிக்கலாம்? தேதியைச் சொல்லுங்கள்.

இனி அந்த 'பொறந்த தேதி' விஷயத்துக்கு வருகிறேன். மகள் 2003இல் பிறந்தாள், மகன் 2006இல். இரண்டு பேரும் கடலூர் அரசு மருத்துவமனையில்தான். அலுவலகத்திலிருந்து திரும்பியதும் இரண்டு பிறப்புச் சான்றிதழையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே நகராட்சி முத்திரை, அதே தகப்பன் பெயர், அதே தாய் பெயர், அதே தெரு. மகனுடையதில் மடிப்பில் லேசாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் சட்டத்துக்குத் தெரிந்தது வேறு. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்பது 2004 டிசம்பர் 2 வரை. 3ஆம் தேதியிலிருந்து, ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் பிள்ளை பிறப்பால் இந்தியன் இல்லை. அக்காவுக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது; 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டாள். தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு என்னோடு டீசல் எஞ்சின் கழற்றிக்கொண்டிருக்கிறான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலைக்கு ஆள் கேட்டார்கள், போக முடியவில்லை. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்திலும் இவன் வயதுக்காரர்களுக்குத் தாய், தகப்பன் இருவரின் ஆவணமும் கேட்கிறார்கள். என்னுடையதைக் கொடுத்துவிடுவேன். அவளுடையதற்கு எங்கே போவது?

அந்த டிசம்பர் 3 வந்தபோது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் கல்யாணம் செய்தபோது குடியுரிமைச் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வகையே கிடையாது. அந்த மாதம் 26ஆம் தேதி சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்திலும் துறைமுகத்திலும் பிணம் தேடிக்கொண்டிருந்த ஊரில் அரசிதழை யார் புரட்டுவார்கள்?

வீட்டில் இப்போது இதைப் பற்றிப் பேசுவதில்லை. மனைவிக்குத் தன்னால்தான் பிள்ளைக்கு இந்தக் கதி என்று ஒரு எண்ணம். எவ்வளவு சொன்னாலும் போகவில்லை. இதற்கும் உங்கள் இணையதளத்தில் ஒரு கட்டம் இருந்தால் நிரப்பிவிடலாம். இ-சேவை மையத்தில் அவளுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது பாஸ்போர்ட் எண், விசா எண், வசிப்பு அனுமதி என்று வரிசையாகக் கேட்டது. அகதி அட்டை எண்ணைப் போடலாமா என்று அந்தப் பையன் என்னைக் கேட்டான். என்னைக் கேட்டால்?

இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. அங்கே எங்கள் சொந்தத்தில் ஒருவன், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள சொல்தா வீட்டு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீட்டுப் பெண்ணைக் கட்டினான். அந்த நாட்டுச் சட்டப்படி கல்யாணமாகி நான்கு ஆண்டில், சில நிலைமைகளில் ஐந்து ஆண்டில் விண்ணப்பிக்கலாம். மொழித் தேர்வு எல்லாம் உண்டு, சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. ஆனாலும் எந்தத் தேதியில் மனு போடலாம் என்று அவனுக்குத் தெரியும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி, குடிமகனான துணையோடு மூன்று ஆண்டு வாழ்ந்தால் போதும். அது முடியத் தொண்ணூறு நாள் இருக்கும்போதே மனுவை வாங்கிக்கொள்கிறார்கள். அவ்வளவு அவசரம் உங்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து ஆவணமில்லாமல் வந்த சிறுபான்மையினருக்கு 2015இல் அறிவிக்கை போட்டே விலக்குக் கொடுத்தீர்கள். 2019இல் ஆப்கானிஸ்தானையும் சேர்த்துச் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்றீர்கள். 2024 மார்ச்சில் விதிகளும் வந்துவிட்டன. அவர்களுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, நன்றாக இருக்கட்டும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது என்று ஆணை போட்டீர்கள். நன்றி. ஜெயிலுக்கு அனுப்ப மாட்டோம், குடிமக்களாகவும் ஏற்க மாட்டோம் என்றுதானே அதற்கு அர்த்தம்?

இங்குள்ள கட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. தேர்தல் அறிக்கை அச்சாகும்போதெல்லாம் ஈழத்தமிழர் குடியுரிமைக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் அந்தப் பத்திக்கு ஆயுள் முடிந்துவிடும். 2021இல் அகதிகள் முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். புது வீடுகளும் கட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. திங்கள்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனு கொடுத்தால் குறுஞ்செய்தி வருகிறது. இது ஒன்றிய அரசின் அதிகாரம் என்கிறது. உங்களுக்கு எழுதினால் மாநில அரசின் அறிக்கை வர வேண்டும் என்கிறீர்கள். விதிப்படி மனுவை மேலே அனுப்பக் கலெக்டருக்கு அறுபது நாள், மாநிலத்துக்கு முப்பது நாள். மனுவையே வாங்காவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அரசிடம் பதிவு செய்துகொண்டு இங்கே வாழும் ஈழத்தமிழர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று அறிவியுங்கள். மண்டபத்தில் பெயர் பதிந்த நாளிலிருந்து அந்த ஏழு ஆண்டை எண்ணுங்கள். அவர்கள் வயிற்றில் 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கும் அதே ஆணையில் வழி செய்யுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அகதி அட்டையை வைத்து விண்ணப்பிக்க இடம் கொடுங்கள். விசாரியுங்கள், தேர்வு வையுங்கள், கட்டணம் கேளுங்கள், கட்டுகிறோம்.

மனைவியின் அகதி அட்டை, கல்யாணப் பதிவு, இரண்டு பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றின் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் எந்த மொழியில் இருந்தாலும் சரி, மகள் படித்துச் சொல்வாள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் வேண்டாம். அந்தக் கடிதம் ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கடலூர் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒரு குடிமகன்