ஞாயிறு படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

நண்பர்களே, இடம் கேட்டிருந்தீர்கள். என் ஓட்டு, செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் இருக்கும் கானாடுகாத்தானுக்கு. வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால் தெருக்களில் நடமாட்டம் குறைவு. தள்ளித் தள்ளி நின்றாலும் எல்லாரும் ஒரே படத்துக்குள் வந்துவிடலாம். காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டால் சுவரில் வெயில் சாய்வாக விழும், அழகோ அழகு. திண்ணையில் ஏறும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். போன முறை கேட்காமல் ஏறி ஓர் ஆச்சியிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது போதும்!

அப்புறம் திருமயம் கோட்டை. 1687இல் கட்டியது, உச்சியில் பீரங்கி, நல்ல காற்று. தொல்லியல் துறை இடம், கேமரா முக்காலிக்கு அனுமதி வேண்டும். வேட்டங்குடி சரணாலயம் போகிறவர்கள் சத்தம் போடாதீர்கள். பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடவும்.