பாலமதிக்கு நாயோடு நடக்க ஒரு முறை வகுத்துக் கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வேலூரில் எந்தத் தெருமுனையில் நின்று பார்த்தாலும் ஒரு மலை தெரியும். கோட்டைக்குக் கிழக்கே சஜ்ஜாரா, தெற்கே பாலமதி, பாலாற்றைத் தாண்டினால் காட்பாடிப் பக்கத்துக் குன்றுகள். இத்தனை மலை சூழ்ந்த ஊரில், பிள்ளைகளோடும் வளர்ப்பு நாயோடும் ஒரு குடும்பம் முறைப்படி நடந்து ஏற எங்கே போகலாம், எங்கே கூடாது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கோயில் பாதைதானே, தாராளமாகப் போங்கள் என்கிறார் ஒருவர். காப்புக்காடு, காலே வைக்கக்கூடாது என்கிறார் இன்னொருவர். இதைத் தெளிவாக்கித் தரும்படி கேட்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். பாலமதி மலைச்சாலையில், மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டரை வரை, கயிற்றில் பிடித்த நாயோடு வரும் குடும்பங்களை விதிகளோடு அனுமதியுங்கள். அந்த நேரத்தில் மேலே குடியிருப்பவர்களின் வண்டியும் அவசர வண்டியும் தவிர வேறு வண்டி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் நாய் எங்கெல்லாம் கூடாதோ, அங்கெல்லாம் அடிவாரத்திலேயே பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். இரண்டும் சேர்ந்தே வேண்டும். அனுமதி மட்டும் வந்து தடை வராமல் போனால் காடு கெடும். தடை மட்டும் வந்தால் இப்போது நடப்பது போல ஆள் இல்லாத பக்கமாக ஏறுவார்கள்.

ஆம், இப்போதே ஏறுகிறார்கள். நாய் வளர்க்கும் வீடுகள் இந்த ஊரில் கூடிவிட்டன. தெருவில் நடத்தினால் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன, பூங்காவில் விடுவதில்லை. விடிகாலையில் பாலமதி அடிவாரத்து ஓட்டேரிப் பக்கம் வந்து வண்டியை ஓரங்கட்டி, நாயை அவிழ்த்துவிட்டு, அது புதருக்குள் ஓடுவதைக் கைப்பேசியில் படம் எடுப்பவர்களைப் பார்க்கிறேன். கெட்ட எண்ணம் அவர்களுக்கு இல்லை. அவிழ்த்துவிடக்கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டு நாய் செவலை, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், செவலை என்று எல்லோருமாகத்தான் நடக்கப் போவோம். என் மகள் மலையில் நடக்கும்போது கேட்கிற கேள்விகளை வீட்டில் கேட்பதே இல்லை. மாமியார் ஒவ்வொரு செடியாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவார். களா, உசிலை, சீத்தா என்று அவர் காட்டக் காட்டப் பிள்ளைகள் இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது கிடைக்க வேண்டும். இதற்காக ஏலகிரிக்குக் கார் எடுத்துக்கொண்டு போக எல்லா வீட்டாலும் முடியாது.

மலைக்குப் போவதில் உள்ள ஆபத்தைச் சின்னதாக்கிச் சொல்ல நான் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று இந்த மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. அருகிலுள்ள மலைக்கிராம இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. நம் பக்கத்துத் திருப்பத்தூரில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தன. வேலூர் மாவட்டத்தின் பெயர் அதில் இல்லை. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஏலகிரி அந்தப் பக்கம் போனது, சரி. பாலமதி நம்மிடம்தானே இருக்கிறது?

என் தம்பி குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அங்கே பிக் சர் என்ற கடற்கரையில் சாண்டா லூசியா மலைகள் பசிபிக் கடலோரத்திலிருந்தே செங்குத்தாக எழும்பி நிற்கும். கோன் பீக் என்ற சிகரம் கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே 5,000 அடியைத் தாண்டிவிடுகிறது. நாயோடும் பிள்ளைகளோடும் விடுமுறைக்கு அங்கே போகிறவர்கள் ஏராளம். ஆனால் அந்த மாநிலப் பூங்காக்களில் நாயை 6 அடிக்கு மிகாத கயிற்றில்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது. தார்ச்சாலை, வண்டி நிறுத்துமிடம், முகாம் இடம் என்று எங்கெங்கு வரலாம் என்பதைக் கிளம்பும் முன்பே படித்துத் தெரிந்துகொள்ளலாம். நாம் அவர்களைப் பார்த்து எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒழுங்கு நமக்கு எட்டாத ஒன்று இல்லை. நம் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குக் கடற்கரைக்கு இணையாக விட்டுவிட்டு ஓடுகிற மலைதான். கடல் நமக்குத் தூரம், வெயில்தான் பக்கம்.

அந்த வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரத்தையும் மாதத்தையும் நான் கறாராகக் கேட்பதே அதனால்தான். வேலூர் மலைகளில் மண்ணைவிடப் பாறை அதிகம். மார்ச் பிறந்துவிட்டால் காலை ஒன்பது மணிக்கே அந்தப் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். நமக்குச் செருப்பு இருக்கிறது, நாய்க்கு உள்ளங்கால்தான். புறங்கையைப் பாறைமேல் வைத்து ஏழு வரை எண்ண முடியவில்லை என்றால் அதில் நாயை நடத்தக்கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இயல்பாகவே அதன் உடல்சூடு 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூக்கு சப்பையான பக், புல்டாக் மாதிரி நாய்களுக்கு மூச்சிரைப்பதே கஷ்டம், அவற்றை மலைக்குக் கூட்டி வரவே வேண்டாம். குளிர்நாட்டு ஹஸ்கியையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாட்டு நாயும், ராஜபாளையம், கன்னி மாதிரி நம் ஊர் இனங்களும் ஓரளவு தாங்கும். ஆனால் வளர்ப்பவர் முன்னால் நடந்தால் விழுகிற வரைக்கும் பின்னாலேயே வருகிற பிராணி நாய். நிற்கச் சொல்ல வேண்டியது நாம்தான்.

ஒருமுறை கீழே இறங்கி வந்த பிறகு செவலை முன்காலை நக்கிக்கொண்டே இருந்தாள். விரித்துப் பார்த்தால் விரலிடுக்கில் ஊசிப்புல் விதை, முனை உள்ளே இறங்கி, வால் மட்டும் வெளியே. இழுத்தால் வராது. அந்த விதை ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து திருகிக்கொண்டு இன்னும் உள்ளே போகும். மகள் டார்ச் பிடிக்க, இடுக்கியால் மெல்லத் திருப்பி எடுத்தோம். காதுக்குள் போயிருந்தால் மருத்துவரிடம்தான் ஓட வேண்டியிருந்திருக்கும். காது மடிப்பு, அக்குள், விரலிடுக்கு மூன்றையும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் மலைக்குப் போன நாயை வீட்டுக்குள் விடக்கூடாது. இதையும் பலகையில் எழுதலாம், படம் போட்டு.

இனி வன அலுவலர் அவர்களுக்கு. நாயால் காட்டுக்கு என்ன கெடுதல் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நாய் வளர்ப்பவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கோடையில் தண்ணீர் தேடி அடிவாரத்துக்கு வருகிற புள்ளிமானை நாய்கள் துரத்திக் கடித்துக் கொன்றது என்ற செய்தி இந்தப் பக்கத்தில் நமக்குப் புதிதே அல்ல. கடிக்கக்கூட வேண்டாம், துரத்தினாலே சினைமான் விழுந்துவிடும். மயிலும் கௌதாரியும் தரையில்தான் முட்டை வைக்கும். பக்கி என்கிற குருவி கூடுகூடக் கட்டாது, சருகின் மேலேயே முட்டையிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அதை நாயின் மூக்கு கண்டுபிடித்துவிடும். அப்புறம் நோய். டிஸ்டெம்பர் என்று நாய்களுக்கு வருகிற நோய் காட்டு விலங்குகளுக்கும் தாவும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாக இறந்தபோது பரிசோதனையில் அந்தக் கிருமி இருந்தது உறுதியானது. தடுப்பூசி போடாத ஒரு நாய் மலைமேல் ஒரு குட்டையில் வாய் வைத்துவிட்டு வருவது சின்ன விஷயம் இல்லை.

நாய்க்கும் நமக்கும் உள்ள ஆபத்து தனி. ஜவ்வாது மலைப் பக்கம் கரடி உண்டு. குடியாத்தம் வட்டாரத்தில் சிறுத்தை தாக்கி 2024 டிசம்பரில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். ஊரோரத்துச் சிறுத்தைக்கு எளிதாகக் கிடைக்கிற இரை நாய். அவிழ்த்துவிட்ட நாய் புதருக்குள் எதையாவது பார்த்துக் குரைத்துவிட்டு எங்கே ஓடி வரும்? நம்மிடம்தான் வரும், துரத்துவதையும் கூட்டிக்கொண்டு. நமக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நிற்பார்கள். பாறையடியில் சுருட்டை விரியன் சுருண்டிருக்கும். அது செதிலை உரசி எழுப்புகிற சத்தம் நமக்கு எச்சரிக்கை, நாய்க்கு அது மோந்து பார்க்க வேண்டிய புதுச் சத்தம். கயிறு குட்டையாக இருந்தால் இந்த ஆபத்துகளில் பெரும்பகுதி விலகிவிடும்.

ஆகவே விதி கடுமையாக இருக்கட்டும். 6 அடிக்கு மிகாத கயிறு. இழுத்தால் நீள்கிற கயிறு கூடாது. வெறிநாய்க்கடி ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நாய் நோய்களுக்கான ஊசியும் போட்ட அட்டையை அடிவாரத்தில் காட்ட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாய், பெரியவர் கையில். நாய் மலம் கழித்தால் பையில் அள்ளிக் கீழே கொண்டுவர வேண்டும். தார்ச்சாலையை விட்டுக் காட்டுக்குள் ஓர் அடியும் வைக்கக்கூடாது. மீறினால் அபராதம், 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டுக்குள் அத்துமீறுவதைக் குற்றம் என்றே சொல்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை திறந்தால் போதும். தீ பிடிக்கிற மாதங்களில் ஒரு ஆளும் வேண்டாம். கோடை இரவுகளில் மலைச்சரிவில் சிவப்புக் கோடாகத் தீ நகர்வதை நாங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்துப் பதறியிருக்கிறோம்.

ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்திக் காடும் அந்த மலையின் உட்காடும் நாய்க்கு முழுத் தடையாகவே இருக்க வேண்டும். அதை நாய் வளர்க்கும் நானே கேட்கிறேன்.

ஒருவரை மறந்துவிட்டு இதைச் செய்யக்கூடாது. பாலமதியில் குடியிருப்பவர்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் சாலை. ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர் எதிரே வந்தால் நாயை ஓரமாக உட்கார வைத்து, ஆடு முழுக்கப் போன பிறகுதான் எழுப்ப வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நாய் பயம் இருக்கலாம். பர்வதமலை ஏறுபவர்கள் கூடவே வருகிற நாயை பைரவர் என்று சொல்லி பிஸ்கட் போட்டுக் கூட்டிப் போவதும் நம் பழைய வடாற்காட்டில்தான். ஆனால் எல்லோருக்கும் அந்த மனசு இருக்கும் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நான் இந்தக் கோரிக்கையை வலியுறுத்த மாட்டேன், வேறு பாதை காட்டச் சொல்லித்தான் கேட்பேன். அவர்கள் சம்மதித்தால், அடிவாரத்தில் அட்டை பார்ப்பது, வண்டி நிறுத்தக் காசு வாங்குவது, சுண்டலும் டீயும் விற்பது எல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கே போகட்டும். அந்த வருமானம் வெளியாள் குத்தகைக்குப் போகக்கூடாது.

அடிவாரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குப்பைக்கூடை, ஒரு பலகை இருந்தால் தொடங்கிவிடலாம். பலகையில் பாம்பு கடித்தால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது, உடனே 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று இருக்கட்டும். பக்கத்துக் கால்நடை மருத்துவமனை எது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதும் இருக்கட்டும்.

முதல் ஆண்டு நான்கே ஞாயிறு விட்டுப் பாருங்கள். எத்தனை நாய் வந்தது, எத்தனை பேர் விதி மீறினார்கள், சாலையோரம் எவ்வளவு குப்பை கிடந்தது என்று கணக்கு எடுங்கள். கணக்கு மோசமாக வந்தால் நிறுத்திவிடுங்கள், நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். எங்கள் தெருவில் நாய் வளர்க்கும் நாலைந்து வீட்டார் அந்த நான்கு ஞாயிறும் அடிவாரத்தில் நின்று உதவி செய்யத் தயார். பலகை எழுதும் செலவையும் நாங்களே பகிர்ந்துகொள்கிறோம்.

இதையே மனுவாக எழுதி, வருகிற திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கிறேன். வனத்துறைக்கு ஒரு நகல் இணைத்திருக்கிறேன். பாலமதி ஊர்க்காரர்களோடு பேச நீங்கள் ஒரு நாள் குறித்தால், எந்த நாளானாலும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பாகாயம் பக்கம் குடியிருக்கும் ஒரு குடும்பத்தலைவி