தோலுரிக்க இவ்வளவு பெரிய கத்தி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வேட்டைக் கத்தி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஆர்வமாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சிறந்த கத்தி என்று படத்தில் போட்டிருப்பது ஒரு முழத்துக்குக் கிட்ட நீளம், முதுகில் ரம்பப் பல், ஊசி மாதிரி நுனி. அதை வைத்து விறகு வெட்டலாம், தோல் உரிக்க முடியாது. மாளிகாவத்தையில் ஆட்டிறைச்சிக் கடை நடத்தி ஓய்ந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கொழும்பில் இருப்பவனுக்கு வேட்டைக் கத்தி எதற்கு என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மானையும் மரையையும் (கடமான்) இங்கே தொட முடியாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் என் தங்கை மகன் இருப்பது மெல்பேர்னில். விக்டோரியா மாநிலத்தில் உரிமம் எடுத்தால் மரை சுடலாம். 1860களில் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்ட மரைகளின் வம்சம் அவை, அதில் நம் நாட்டு மரைகளும் சேர்த்தி. இங்கே காவல், அங்கே வேட்டை! "மாமா, எந்தக் கத்தி வாங்கட்டும்?" என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஹஜ்ஜுப் பெருநாளில் ஆடு மாடு அறுத்து உழ்ஹிய்யா கொடுக்கும் வீட்டுக்காரருக்கும் இது உதவும்.

அலகு நாலு அங்குலம் இருந்தால் போதும். கடையில் நாள் முழுக்க நிற்பவனுக்கு ஐந்து, ஆறு. கிடா மரை 200 கிலோவைத் தாண்டும், அதற்கு நாலு அங்குலமா என்று மருமகன் சிரித்தான். மிருகம் பெரிதென்றால் வேலை நேரம் நீளும், கத்தி நீள வேண்டியதில்லை. தோலுக்கும் சதைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு, அதை அறுக்க வாயில், அதாவது கூரான ஓரத்தில், இரண்டு அங்குலம்தான் வேலை செய்கிறது. மிச்ச நீளம் கையைத் தூரத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

நீளத்தை விட வடிவம் முக்கியம். வாய்ப் பக்கம் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் கையை வீசும்போது நுனி குத்தாமல் வளைவு மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். முதுகு நுனியை நோக்கிச் சாய்ந்து இறங்கியிருக்க வேண்டும். மேல்நோக்கி நிமிர்ந்த ஊசி நுனி வயிற்றைத் திறக்கும்போதுதான் வினையாகும். வயிற்றைத் திறக்க முதலில் சின்னதாக ஒரு கீறல். அதற்குள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டு, தோலைத் தூக்கிப் பிடித்து, இரண்டு விரலுக்கும் நடுவே கத்தியின் வாயை மேல்பக்கம் பார்க்க வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். விரல்கள் இரைப்பையை உள்ளே அழுத்திக் கொள்ளும். நீளக் கத்தியில் நுனி எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியாது. இரைப்பையோ மூத்திரப்பையோ கிழிந்தால் அந்த நாற்றம் இறைச்சியை விட்டுப் போகாது.

தோலைக் கீறும்போதும் உள்ளிருந்து வெளியே. மேலிருந்து கீறினால் மயிரை வெட்டுகிறோம், வாயும் மழுங்கும், வெட்டுப்பட்ட மயிரெல்லாம் இறைச்சியில் ஒட்டும். ஆட்டில் கீறல் போட்டு ஓரத்தைப் பிரித்த பிறகு கத்திக்கு அதிகம் வேலையில்லை. சூடு ஆறுமுன் முஷ்டியை உள்ளே விட்டு அமுக்கினால் தோல் தானாகக் கழன்று வரும். மானும் பெரும்பாலும் அப்படித்தான். காட்டுப் பன்றி வேறு கதை (அதை நான் தொட்டதில்லை, தொழில் தெரிந்தவர்கள் சொன்னது). கொழுப்பு தோலோடு ஒட்டிக் கிடப்பதால் கடைசி வரை கத்தியால் அறுத்தே பிரிக்க வேண்டுமாம்.

பெருநாளில் நான் பார்க்கும் கூத்து ஒன்று. அறுப்பதற்கென்று வைத்த நீளக் கத்தியையே கழுவித் துடைத்து உரிக்கிறவர் கையில் கொடுப்பார்கள். அறுக்கிற கத்தி நல்ல கூராக இருக்க வேண்டும், அது மார்க்கம். நீளமாக, நேராக இருப்பது அறுக்க வசதி. உரிக்கிற வேலைக்கு அது ஆகாது. தோலில் ஓட்டை விழும், தோல் வியாபாரி கழித்துத்தான் விலை போடுவார்.

பிடி வழுக்கக் கூடாது. மெருகேற்றிய மரமும் கொம்பும் கண்ணாடி அலமாரிக்கு அழகு, கொழுப்புப் பட்டால் கையில் நிற்காது. சொரசொரப்பான பிளாஸ்டிக் பிடியே நல்லது. மஞ்சள், சிவப்பு என்றால் புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். மடக்குக் கத்தி வேண்டாம், மடிப்புக்குள் இரத்தமும் கொழுப்பும் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு.

இரும்பைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். லொறி ஸ்பிரிங்கில் கொல்லன் அடித்த கத்தியும் பாவித்திருக்கிறேன், சுவிஸ் விக்டோரினாக்ஸும் பாவித்திருக்கிறேன். முதலாவது துரு ஏறும், ஆனால் கல்லில் நாலு இழுப்பில் கூர் வரும். இரண்டாவது துருவுக்கு நின்று பிடிக்கும், அலகும் அவ்வளவு கடினமில்லை, அதனால் தீட்டுவது சுலபம். இரும்பின் கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் அளவில் 60க்கு மேல் என்று பெருமையாக விற்கும் கத்திகள் கூரை அதிக நேரம் வைத்திருக்கும். ஆனால் எலும்பில் பட்டால் வாய் சில்லு சில்லாக உடையும், காட்டில் உட்கார்ந்து தீட்டவும் முடியாது. என் வாக்கு 56, 57க்குத்தான்.

பழைய சோனகத் தெருவில் வாங்கப் போகிறவர்கள் கத்தியோடு ஒரு தீட்டுக்கோலும் இரண்டு பக்கச் சாணைக்கல்லும் வாங்குங்கள். வேலைக்கு நடுவே கோலில் நாலு தடவை உரசினால் மடிந்த வாய் நிமிரும், மழுங்கினால்தான் கல். தெருவில் வரும் சக்கரச் சாணையில் மட்டும் கொடுக்காதீர்கள். தண்ணீர் தொடாமல் தீப்பொறி பறக்கத் தேய்த்தால் அலகின் ஓரம் நீலம் பூக்கும். அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் அந்த வாயில் கூர் நிற்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இறைச்சிக் கடைக்காரர்,
மாளிகாவத்தை, கொழும்பு 10