உள்ளூர்ச் சலுகையைத் தீர்மானமாக்கும் முன்: நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினர்களே,

நகராட்சி டெண்டர்களில் உள்ளூர் நிறுவனங்களுக்கு ஐந்து சதவீத விலைச் சலுகை தரலாம் என்று எந்த மன்றத்தில் யார் எழுந்து சொன்னாலும் மேசை தட்டுவார்கள். ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றட்டும் என்பதை யார் மறுப்பது? நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நோக்கத்துக்கு விலைச் சலுகை மோசமான வழி. அதைவிட நல்ல வழிகள் உங்கள் கையிலேயே இருக்கின்றன என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வெளியூர் ஒப்பந்ததாரர் 100 என்று விலை போட்டால், சலுகை பெற்ற உள்ளூர்க்காரர் 105 வரை போட்டும் வேலையை எடுத்துவிடலாம். அந்த ஐந்தைக் கொடுப்பது வரி கட்டும் அதே ஊர் மக்கள்தான். சரி, ஐந்துதானே என்று விடலாம், விஷயம் அதோடு நின்றால். டெண்டர் போடுவதே ஒரு செலவு. வரைபடம் பார்க்க வேண்டும், அளவெடுக்க வேண்டும், ரேட் விசாரிக்க வேண்டும், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். எப்படியும் தோற்போம் என்று தெரிந்தால் வெளியூர்க்காரர் அடுத்த முறை வரவே மாட்டார். அப்புறம் மிஞ்சுவது மூன்று நான்கு பேர். அவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பேசி வைத்துக்கொள்ள அதிக நேரம் ஆகாது. ஒப்பிட வெளியூர் விலையே இல்லாதபோது உங்கள் ஐந்து சதவீத வரம்பு எதை அளக்கும்?

அடுத்து, யார் உள்ளூர்? ஊருக்குள் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, பெயர்ப் பலகை மாட்டிய வெளியூர் நிறுவனமா? இங்கேயே பதிவு செய்துவிட்டு, வேலை முழுவதையும் வெளியூர் ஆளிடம் சப்-காண்ட்ராக்ட் விடுபவரா? அல்லது தலைமை அலுவலகம் வேறெங்கோ இருந்தாலும் இந்த ஊர் ஆட்களை வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பவரா? முகவரியை மட்டும் பார்க்கும் தீர்மானம் இதைப் பிரித்தறியாது. ஊருக்குள் தங்குவதோ சம்பளமும் கொள்முதலும்தான்.

நீதிமன்றங்களும் இதை எளிதாக விடுவதில்லை. பின்தங்கிய தென்பகுதிக்கு உதவ, அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தை அங்குள்ள நிறுவனங்களுக்கு ஒதுக்கியது இத்தாலி. நல்ல நோக்கம்தான். ஆனாலும் ஐரோப்பிய உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்குகள் தடையின்றிப் போய்வர வேண்டும் என்ற விதிக்கு இது எதிரானது என்று 1990-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் கேம்டன் நகரம், தன் கட்டுமான வேலைகளில் 40 சதவீதத் தொழிலாளர்கள் உள்ளூர்வாசிகளாக இருக்க வேண்டும் என்று விதி போட்டது. வெளி மாநிலத்தவரின் உரிமையைச் சொல்லி அதை எதிர்க்கலாம் என்று 1984-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2025-ல் ஒரு சட்டீஸ்கர் டெண்டர் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த மாநில அரசு அமைப்புகளுக்கு ஏற்கெனவே சப்ளை செய்தவர்கள்தான் பங்கேற்கலாம் என்ற நிபந்தனை அங்கே அடிபட்டுப் போனது. வழக்கு நடக்கும் காலம் முழுக்க சாலையும் வடிகாலும் காத்துக் கிடக்கும்.

பக்கத்து ஊர்களும் சும்மா இருக்காது. அமெரிக்காவில் பல மாநிலங்கள், நீ உன் ஆளுக்கு எவ்வளவு சலுகை தருகிறாயோ அதே அளவை எங்கள் டெண்டரில் உன் ஆளின் விலை மீது ஏற்றி ஒப்பிடுவோம் என்று சட்டமே வைத்திருக்கின்றன. உங்கள் ஊரின் நல்ல ஒப்பந்ததாரர் வெளியே போய்ச் சம்பாதிப்பதும் இப்படித்தான் கெடும்.

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரைக் கொஞ்சம் பாருங்கள். பெரிய வணிக வளாகத் திட்டம் ஒன்று 2011-ல் கைநழுவிப் போனது. வெளியிலிருந்து வரும் முதலீட்டாளரை நம்பியிருப்பதில் பயனில்லை என்று நகர நிர்வாகம் முடிவு செய்தது. உள்ளூர் நிறுவனங்களுக்கு விலையில் சலுகை தர அங்கே சட்டம் இடம் தரவில்லை. அதனால் கல்லூரி, காவல்துறை, வீட்டுவசதி அமைப்பு என்று ஊரை விட்டு எங்கும் போக முடியாத நிறுவனங்களைச் சேர்த்து உட்கார வைத்து, உங்கள் பணம் எங்கே போகிறது என்று கணக்கெடுத்தார்கள். அந்த நிறுவனங்களின் கொள்முதலில் 2012-13-ல் பிரஸ்டனுக்குள் தங்கியது வெறும் 5 சதவீதம். பெரிய ஒப்பந்தங்களை உடைத்தார்கள். பள்ளி உணவு ஒப்பந்தத்தை ஒரே ஆளிடம் கொடுக்காமல், சின்ன சப்ளையர்களும் விலை போடும்படி துண்டு துண்டாக்கியது அந்த வட்டாரக் கவுன்சில். 2016-17-ல் அந்த 5 சதவீதம் சுமார் 18 ஆனது. யாருக்கும் ஒரு சதவீதம்கூட விலைச் சலுகை தரப்படவில்லை.

சின்ன ஒப்பந்ததாரரை உண்மையில் வெளியே நிறுத்துவது வெளியூர்ப் போட்டி மட்டுமல்ல. நாற்பது தெரு விளக்கு வேலையை ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கேற்ற ஆண்டு வரவு-செலவும் முன்வைப்புத் தொகையும் கேட்கிறீர்கள். அதைத் தாண்டி வேலை எடுத்தவருக்குப் பில் தொகை மாதக்கணக்கில் வருவதில்லை. பெரிய நிறுவனம் வங்கிக் கடனில் தாக்குப்பிடிக்கும். சின்னவர் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுப்பார், அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் விலையில் ஏற்றுவார், தோற்பார். அவருக்கு நீங்கள் நீட்டும் ஐந்து சதவீதச் சலுகையை உங்கள் தாமதமே விழுங்கிவிடும்.

சலுகை தந்தே ஆக வேண்டும் என்றால் விலையைக் கூட்டாத சலுகை இருக்கிறது. இந்தியாவின் 2012 கொள்முதல் ஆணையைப் பாருங்கள். குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் விலை போட்ட குறு, சிறு நிறுவனம், அந்தக் குறைந்த விலைக்கே இறங்கி வந்தால் டெண்டர் மதிப்பில் 25 சதவீதம் வரை சப்ளை செய்யலாம். அது ஊர் பார்த்துத் தரும் சலுகை இல்லை, நிறுவனத்தின் அளவைப் பார்த்துத் தருவது. எனக்குப் பிடித்தது அதுதான். பொதுப்பணம் ஒரு காசுகூடக் கூடுவதில்லை, வாசலும் திறக்கிறது.

ஆகவே, சலுகைத் தீர்மானத்தை எடுக்கும் முன் ஒரு பட்டியலை மன்றத்தின் முன் வைக்கச் சொல்லுங்கள்: வேலை முடிந்தும் பணம் கொடுக்கப்படாத பில்கள், ஒவ்வொன்றும் எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்ற விவரத்தோடு. அதில் உள்ளூர்ப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பணத்தைக் கொடுத்து முடித்த பிறகு சலுகையைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவன்