பட்டை உரிக்கவும் ஒரு முறை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் உள்ள வெண்டா, ட்சோங்கா இனங்களின் நாட்டு வைத்தியர்களைப் பற்றி யார் எழுதினாலும், எலும்பும் சிப்பியும் வீசிக் குறி பார்ப்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. குறி அங்கே உண்டு. அந்நாட்டின் பாரம்பரிய வைத்தியர் சட்டம் (2007-ஆம் ஆண்டின் 22-ஆம் எண்) குறி பார்ப்பவரையும் மூலிகை வைத்தியரையும் சேர்த்தே அங்கீகரிக்கிறது. ஆனால் புளியரை, செங்கோட்டை, ஆரியங்காவு என்று தமிழக-கேரள எல்லையின் இருபுறமும் கடைச்சரக்கில் புழங்குகிற நமக்கு அவர்களிடம் பார்க்க வேண்டியது பட்டை எடுக்கும் முறை.

வெண்டாக்கள் முலங்கா என்றும் ட்சோங்காக்கள் ஷிபாஹா என்றும் சொல்லும் மரத்தின் பட்டை மிளகைப் போல் காரமாக இருக்கும். இருமல், சளி, நெஞ்சுக்கட்டுக்கு அது அங்கே பேர்பெற்ற மருந்து. சந்தை பெருகப் பெருக மரத்தைச் சுற்றிலும் உரித்தார்கள், மரம் அருகிப்போனது. அதன் இலையிலும் அதே காரச் சத்துகள் இருப்பதை ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, குரூகர் தேசியப் பூங்கா நிர்வாகம் சுற்றுக் கிராமத்து வைத்தியர்களுக்குக் கன்று கொடுத்து, இலையைப் பறித்துக்கொள்ளுங்கள் என்றது. எல்லா மரத்துக்கும் இது செல்லாது. அசோகப் பட்டைக்கு அதன் இலை ஈடாகாது.

வெண்டாக்களிடம் பழைய வழக்கம் ஒன்று: கிழக்கு முகத்திலும் மேற்கு முகத்திலும் மட்டுமே பட்டை எடுப்பார்கள். நம் சித்த மரபில் வடக்கே போகும் வேரைத் தேடுவதும், எடுக்கும் முன் மூலிகைக்குக் காப்புக் கட்டுவதும் இந்த வகைதான். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரண்டு பக்கம் தொடாமல் விட்டால் மரம் சாகாது.

காரணம் இதுதான். இலையில் சமைத்த உணவு பட்டையின் உள்தோல் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையமாக உரித்தால் அந்த வழி அறுந்துபோகும். தண்ணீர் கட்டை வழியே ஏறுவதால் இலை கொஞ்ச காலம் பச்சையாகவே நிற்கும், பார்ப்பவர் ஏமாந்துபோவார். வேர் பட்டினியில் கெட்ட பிறகுதான் உச்சி காயும்.

ஆகவே நீர்மருது, அசோகு எதுவானாலும் அடிமரச் சுற்றளவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. உள்ளங்கை அகலம், ஒரு முழ நீளம், நெடுக்குவாட்டில் ஒரே கீற்று போதும். மருதில் மேல்பட்டையையும் நடுப்பட்டையையும் செதுக்கி, ஈரமான உள்தோலை விட்டுவிட்டால் அதே இடத்தில் மறுபடி பட்டை கட்டும். கத்தி வெள்ளைக் கட்டையில் பட்டால் ஆழம் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த கீற்று எதிர்ப்பக்கம், அதுவும் பழைய காயத்தின் ஓரம் தடித்து மூடிய பிறகே. அடைமழையில் உரிக்க லேசாக இருக்கும்; ஆனால் காயத்தில் பூஞ்சணம் ஏறும், உலர்த்தும் பட்டையும் பூத்துப்போகும். மழை ஓய்ந்து எடுத்து, நிழலில் பரப்பி, மடித்தால் படக்கென்று முறியும்வரை காயவிட வேண்டும்.

எடைக்கு வாங்கும் அரிஷ்டம், கஷாயக் கம்பெனிகளும் கவனிக்கலாம். பட்டையின் உள்புறம் மரச் சிலாம்பு ஒட்டியிருந்தால் அது ஆழ வெட்டிய சரக்கு, திருப்பி அனுப்புங்கள். அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டையும் மூட்டையில் வருகிறது. அசோகின் மேல்புறம் சொரசொரப்பு, உள்புறம் செம்பழுப்பு, வாயில் போட்டால் நல்ல துவர்ப்பு. நெட்டிலிங்கத்தில் இவை எதுவும் சரியாக வராது.

வனத்துறை நாற்றங்காலில் தேக்குக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது அசோகுக்கும் மருதுக்கும் கொடுக்க வேண்டும். கன்றைப் பட்டை எடுப்பவர் கையிலேயே கொடுங்கள். ஓடைக்கரையில் எங்கே பிழைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் சிலர்,
புளியரை, தென்காசி மாவட்டம்